மாமனாருக்குச் சுகப்பிரசவம்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம், கார் ஓட்டக் கற்றுத்தரும் நம் கிளட்ச் டீச்சரை, பூட்டிக் கிடந்த பள்ளி ஷட்டருக்கு முன்னால் அழ விட்டுவிட்டு வந்தோம். அழுகையெல்லாம் முடிந்து சில வாரங்கள் ஓடிவிட்டன. இப்போது பொய் சொல்லும் கட்டம்.

ஓட்டுநர் பள்ளியை இழுத்து மூடிவிட்டு முதலாளி ஊரை விட்டே போய்விட்டார். வேலை போயிற்று. வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்த மருத்துவக் காப்பீடும் போயிற்று. அதுவும் வயிற்றில் ஏழாவது மாதம் நடக்கும்போது பார்த்துப் போயிற்று. பட்ட காலிலேதானே படும்?

வீட்டில் யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கோ தூரத்தில், கட்டிக்கொண்டிருக்கும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் பொருத்தப் போயிருக்கிறான். சொன்னால் லிஃப்டைப் பாதி மாடியில் தொங்கவிட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான். மாமியாரிடமோ சொல்லவே முடியாது. அதற்குக் காரணம் ஒரு மெத்தை.

மாமியார் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். தண்ணீர் லாரிக்காரரை ஒரு தடவை கண்ணீர் விட வைத்தவர். வீட்டிலும் அவர் பேசுவதில்லை, தீர்மானம்தான் போடுவார். பிரசவம் எங்கே என்பதற்கும் தீர்மானம் போட்டாகிவிட்டது: தனியார் ஆஸ்பத்திரி, ஜன்னல் வைத்த தனி அறை. நேரில் போய் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "பஞ்சு நல்ல பஞ்சு" என்று முகமெல்லாம் மலர வந்து சொன்ன மனுஷியிடம், காப்பீடு காலாவதி என்று எந்த வாயால் சொல்வது?

அன்று காலையும் டீச்சர் வழக்கம்போல் பள்ளியின் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கோட்டுக்கு முன்பக்கம் என்று ஒன்று இருப்பதையே வயிறு மறக்கடித்திருந்தது.

"ஏம்மா, பட்டனே போட முடியலயே. பெருசா ஒண்ணு தெச்சுத் தரச் சொல்லி உங்க முதலாளிகிட்ட கேட்டியா?"

"கேட்டேன் அத்தை."

"என்ன சொன்னார்?"

"யோசிக்கறாராம்."

"ஒரு கோட்டுக்கு என்ன யோசனை? நம்பரைக் குடு, நான் பேசறேன்."

"வேண்டாம் அத்தை! இன்னிக்கே கேட்டுடறேன்."

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் வரல, நானே நேர்ல போறேன்" என்று சொல்லிவிட்டு மாமியார் வாழைப்பழத்தையும் பால் ஃபிளாஸ்க்கையும் பையில் திணித்தார். "மாமாவை வேற காணோம். நடக்கப் போறேன், நடக்கப் போறேன்னு விடியறதுக்குள்ள கிளம்பிடறார். இந்த வயசுல அப்படி எங்கதான் நடக்கறாரோ."

டீச்சருக்கு மாமாவைப் பற்றி யோசிக்க நேரமில்லை. போன மாதப் பரிசோதனைக்கு அவள் போகவேயில்லை. "எல்லாம் நார்மல்" என்று வீட்டில் சொல்லியிருந்தாள். நார்மல் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, அவளாகவே சொல்லிக்கொண்டது. இரண்டு நாளாகக் கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் மாலை வரை மறையாமல் கிடந்தது. பொய்யை இன்னும் கொஞ்ச நாள் இழுக்கலாம், காலை இழுக்க முடியாது என்று தோன்றியதும் அவள் அரசின் தாய்-சேய் நல மையத்துக்குப் பஸ் ஏறினாள்.

* * *

மையத்தின் கூடத்தில் நீள நீளமாகப் பெஞ்சுகள். சுவர் நிறையப் படங்கள்: சிரிக்கும் குழந்தை, சிரிக்கும் அம்மா, சிரிக்கும் கீரைக்கட்டு. டோக்கன் எண்ணைக் கூப்பிட ஒரு மைக் இருந்தது. அது எண்ணைச் சொல்லும் முன் ஒருமுறை இருமியது, சொன்ன பிறகு ஒருமுறை இருமியது, நடுவில் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினாள்.

"முதலா?"

"ஆமாங்க."

"எனக்கு மூணாவது. இங்க பதிஞ்சுட்டா ஸ்கேன், மருந்து, பிரசவம், பெத்ததுக்கு அப்புறம் ஒரு வருஷம் நமக்கும் குழந்தைக்கும் வைத்தியம், எல்லாம் இவங்க பொறுப்பு. நர்ஸு வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க. ரெண்டாவது பொறந்தப்ப நான் எதுக்கெடுத்தாலும் அழுதுட்டே இருந்தேன். அதுக்கும் ஒருத்தர் வந்து உட்கார்ந்து பேசிட்டுப் போனாங்க. உன் வேலை பதியறது மட்டும்தான்."

டீச்சருக்குப் பாதி பாரம் இறங்கியதுபோல் இருந்தது. ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். வாயில் வைக்கும் முன் கூடமே அதிரும்படி ஒரு குரல் கேட்டது.

"நான் கர்ப்பிணி இல்லைன்னு எத்தனை தடவைம்மா சொல்றது!"

பெஞ்சுகளில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. டீச்சரின் தலை மட்டும் திரும்பவில்லை. திரும்பத் தேவையில்லை. முப்பது வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த குரல் அது. ஓடப்போன ரயில்கூட நின்று கேட்டுவிட்டுப் போகும் என்று மாமியாரே பெருமையாகச் சொல்லுகிற குரல்.

ஒளிந்துகொள்ள நினைத்தாள். ஏழு மாத வயிற்றை எந்தத் தூணுக்குப் பின்னால் ஒளிப்பது? அதற்குள் மாமனார் கவுண்டரிலிருந்து திரும்பிவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திருடனும் திருடனும் ஒரே வீட்டு மதிலில் சந்தித்தால் எப்படிப் பார்த்துக்கொள்வார்களோ, அப்படி.

"நீங்க இங்க என்ன பண்றீங்க மாமா?"

"நீ இங்க என்னம்மா பண்ற?"

"நான்... இந்தப் பக்கம் ஒரு ஸ்டூடண்ட் வீடு..."

மாமனார் அவள் காதருகே குனிந்து ரகசியமாகப் பேசினார். அவருடைய ரகசியம் நான்காவது பிளாட்பாரம் வரை கேட்கும்.

"உனக்கு வேலை போனது எனக்குத் தெரியும்மா."

"அடப்பாவமே" என்றது பெஞ்சு முழுவதும்.

விஷயம் இதுதான். பேரனோ பேத்தியோ பிறக்கும் நேரத்தில் மகன் ஊரில் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்ட ஆள் வேண்டும் என்று மாமனாருக்குக் கவலை. யாருக்கும் தெரியாமல் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள நினைத்தார். ஊரிலேயே சிறந்த ஆசிரியை தன் மருமகள்தான் என்பதால் அவளுடைய பள்ளிக்கே போனார். ஷட்டர் மூடிக்கிடந்தது. பக்கத்துக் கடைக்காரர் கதையை முழுசாகச் சொன்னார்.

"அன்னிக்கே ஏன் மாமா என்கிட்ட சொல்லல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன். தினம் அந்தக் கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பறதைப் பார்க்கறப்ப, கேட்க வாய் வரலம்மா. சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம்னு இவங்களோட இலவச எண்ணுக்குப் போன் போட்டேன். அதுலதான் சனியன் புகுந்துடுச்சு. அதைச் சரிபண்ணத்தான் தினம் விடியறதுக்குள்ள வந்து இங்க வரிசைல நிக்கறேன்."

கவுண்டரில் இருந்த பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். காலையிலிருந்து இதே காரியமாக இருந்திருக்கிறாள் போல.

"மேடம், இவர் உங்க மாமனாரா? கம்ப்யூட்டர்ல இவர்தான் ஏழு மாசம்."

"எப்படிங்க?"

"போன்ல ஒரு பொம்பளக் குரல் கேட்டுச்சும்மா" என்றார் மாமனார். "சுத்தமான உச்சரிப்பு. என்னதான் மெஷினா இருந்தாலும் நம்ம தொழில்ல இருக்கற பொண்ணாச்சேன்னு மரியாதையாப் பேசினேன். உங்கள் பெயர்னு கேட்டுச்சு, சொன்னேன். எத்தனை மாசம்னு கேட்டுச்சு, ஏழுன்னேன். இதுல என் தப்பு எங்க இருக்கு?"

"ஆணா பெண்ணான்னு கேட்டிருக்குமே?" என்றாள் டீச்சர்.

"கேட்டுச்சு. எதுவா இருந்தாலும் சந்தோஷம்னு சொன்னேன்."

பிஸ்கட் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கவுண்டர் பெண் தன் பங்குக்கு விளக்கினாள். ஒரு முகவரியில் ஏற்கெனவே ஒரு கர்ப்பிணி இருந்தால், அந்தப் பதிவை முடித்து வைக்காமல் அடுத்தவரைப் பதிய இயந்திரம் விடாது. முடித்து வைக்க அதற்குக் காரணம் வேண்டும். 'தெரியாமல் பதிந்துவிட்டோம்' என்ற காரணம் அதற்குத் தெரியாது. அதைச் சேர்க்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்களாம், பதில்தான் இன்னும் வரவில்லை.

"வேற என்னதான் அதுக்குத் தெரியும்?" என்று கேட்டாள் டீச்சர்.

"வேற ஊருக்குக் குடிபோயிட்டாங்கன்னு போடலாம். ஆனா அப்படிப் போட்டா வீடே கணக்குல இருந்து போயிடும், உங்களையும் பதிய முடியாது. இல்லைன்னா..." அவள் மாமனாரைத் தயக்கத்தோடு பார்த்தாள். "பிரசவம் ஆயிடுச்சுன்னு போடலாம்."

மாமனார் மருமகளின் வீங்கிய காலைப் பார்த்தார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"போடுங்க."

"சுகப்பிரசவமா, ஆபரேஷனா?"

"சுகப்பிரசவம்" என்றார், எக்ஸ்பிரஸ் ரயிலின் வருகையை அறிவிக்கும் கம்பீரத்தோடு.

பெஞ்சுகள் கைதட்டின. "பார்த்து நடங்க ஐயா, பச்சை உடம்பு" என்றாள் பிஸ்கட் பெண். மாமனார் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அடுத்த நொடியே டீச்சரின் பெயரை இயந்திரம் சமர்த்தாக வாங்கிக்கொண்டது. அட்டை கைக்கு வந்தது. உள்ளே போகச் சொன்னார்கள்.

உள்ளே டாக்டரம்மா இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். காலை அழுத்திப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கொஞ்சம் ஏறியிருக்கு. போன மாசம் எவ்வளவு இருந்தது?"

"போன மாசம் பார்க்கல டாக்டர்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது டீச்சருக்கு.

"இனிமே விடக்கூடாது, சரியா? மாத்திரை தர்றேன். வீட்டுக்கு நர்ஸ் வந்து அடிக்கடி பார்ப்பாங்க. தலைவலி விடாம இருந்தாலோ, கண்ணு மங்கினாலோ நேரம் காலம் பார்க்காம உடனே வரணும். மனசுல எதையாவது போட்டுக் குழப்பிக்கிறீங்களா?"

"ஒரே ஒரு விஷயம் டாக்டர். அது எங்க அத்தை."

டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. கருவியை வயிற்றில் வைத்தார். கரகரவென்று ஏதோ ஓடியது. சட்டென்று டக்டக் டக்டக் என்று ஒரு துடிப்பு அறையை நிறைத்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். போன மாதம் முழுக்க அவள் கேட்காமல் விட்ட சத்தம்.

திரைக்கு வெளியே மாமனார் நின்றுகொண்டிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"லேட்டெல்லாம் இல்ல. ரைட் டைம்."

* * *

பஸ்ஸில் வரும்போது மாமனாரும் மருமகளும் கூடிப் பேசி ஒரு திட்டம் போட்டார்கள். செயலாளரிடம் உடனே சொல்லக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். கூட்டத்தில் நாலு பேரைத் திட்டிவிட்டு வந்தால் அவருக்கு மனசு லேசாக இருக்கும். அந்த நேரம் பார்த்து மெல்லச் சொல்ல வேண்டும்.

"அதுவரைக்கும் நீங்க வாயே திறக்கக்கூடாது மாமா."

"மூச்!" என்றார் மாமனார். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் வெள்ளைச் சீருடையில் ஒரு நர்ஸ் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் பிறந்த குழந்தையை நிறுக்கும் தராசு. மாமியார் உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். தண்ணீர் லாரிக்காரர் பார்த்தது இந்த நிலையைத்தான்.

"வாங்க" என்றார் கணவரிடம். "நடந்து முடிச்சாச்சா?"

"ஆச்சு..."

"இந்த நர்ஸம்மா உங்களைத்தான் தேடி வந்திருக்காங்க. உங்களுக்குக் குழந்தை பிறந்திருக்காம். இன்னிக்கு முற்பகல். சுகப்பிரசவமாம்."

"போன்ல தகவல் வந்துச்சுங்க" என்றார் நர்ஸ் சங்கடத்தோடு. "பக்கத்துத் தெருவுலதான் இருந்தேன். புதுசாப் பிறந்ததுன்னா அன்னிக்கே பார்த்துடணும்னு உத்தரவு. பேர் ஆம்பளப் பேரா இருக்கேன்னு பார்த்தேன். அப்பா பேரா இருக்கும்னு நினைச்சேன்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார் மாமியார். "விடியறதுக்குள்ள கிளம்பறது, யாரைக் கேட்டாலும் நடைன்னு சொல்றது, போன வாரம் மாடிக்குப் போய் யாரோடயோ மணிக்கணக்கா போன் பேசினது... கீழ்வீடு வரைக்கும் கேட்டுச்சாம், ஏழு மாசம் ஏழு மாசம்னு! நான் மருமகளைத்தான் சொல்றீங்கன்னு இருந்தேன். பேரன் எடுக்கற வயசுல... யாரு அவ? குழந்தை எங்க?"

மாமனார் வாயைத் திறந்தார். திறக்கக்கூடாது என்று மருமகளுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார், மூடினார். கரையில் போட்ட மீன் போல. மனுஷன் மானமே போகும்போதும் மருமகளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டு டீச்சரால் நிற்க முடியவில்லை.

"அத்தை, மாமா மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னோடது. எனக்கு வேலை போயிடுச்சு."

ஒருதடவை வாய் திறந்ததும் எல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது: ஷட்டர், காப்பீடு, போகாத பரிசோதனை, இலவச எண், இயந்திரம், பிரசவம். நடுநடுவே மாமனார், "எதுவா இருந்தாலும் சந்தோஷம்னுதானே சொன்னேன்" என்று சேர்த்துக்கொண்டார். நர்ஸ் தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மாமியார் சிரிக்கவில்லை. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். இடி விழும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"இத்தனை நாள் மத்தியானம் எங்க உட்கார்ந்து சாப்பிட்ட?"

டீச்சர் எதிர்பார்த்த நூறு கேள்விகளில் இது இல்லை.

"லைப்ரரி படிக்கட்டுல அத்தை."

"வெயில் அடிக்குமே."

"மரம் இருக்கு."

"ஏழு மாசப் பொண்ணு படிக்கட்டுல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கா. நான் இங்க ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து, கோட்டு தெச்சுத் தரலன்னு ஊர்ல இல்லாதவனைத் திட்டிட்டு இருந்திருக்கேன்." மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணவேயில்லையா?"

"மெத்தையைப் பத்திச் சொன்னப்ப உங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம் அத்தை. அதைக் கெடுக்க மனசு வரல."

"மெத்தை கிடக்குது மெத்தை! நானா அதுல படுக்கப் போறேன்?" அதோடு அழுகை முடிந்தது. மாமியார் நர்ஸின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். செயலாளர் வந்துவிட்டார்.

"நீங்க சொல்லுங்க. பிரசவம் பார்க்கறது யாரு? ராத்திரில வலி எடுத்தா வண்டி வருமா? குழந்தை பிறந்தப்புறம் எத்தனை தடவை வருவீங்க? வராட்டி நான் யாரைக் கேட்கணும்?"

நர்ஸ் ஒவ்வொன்றாகச் சொன்னார். வண்டி வரும். டாக்டர் எந்நேரமும் இருப்பார். வீடு தேடி வருவது அம்மா தேறும்வரை. பால் கொடுப்பதில் சிரமம் என்றாலும், தூக்கமில்லாமல் மனசு சோர்ந்தாலும் கூப்பிடலாம். வராவிட்டால் யாரைக் கேட்பது என்று மட்டும் சொல்லத் தயங்கினார். "நான் வந்துடுவேங்க" என்றார் அவசரமாக.

"வார்டுல ஜன்னல் இருக்கா?"

"இருக்குங்க. வரிசையா."

மாமியார் திருப்தியோடு தலையசைத்தார். பிறகு நர்ஸ் டீச்சரின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். காலையில் மையத்தில் பார்த்ததைவிட ஒரு நூலளவு குறைந்திருந்தது.

"மாத்திரை இன்னும் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்காது. மனசுல இருந்ததைக் கொட்டினதுதான் காரணமா இருக்கும். இப்படியே இருங்க. நாளன்னிக்கு வந்து பார்க்கறேன். வீட்டுல யாரும் எதையும் மறைக்காம இருந்தாலே பாதி வைத்தியம்."

தராசைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் கிளம்பினார். வாசலில் நின்று மாமனாரைப் பார்த்து, "உடம்பைப் பார்த்துக்கங்க" என்று சொல்லாமல் அவரால் போக முடியவில்லை.

"கேட்டீங்கல்ல ரெண்டு பேரும்?" என்றார் மாமியார். "இனிமே இந்த வீட்டுல ஒருத்தர் ஒருத்தர்கிட்ட எதையும் மறைக்கக்கூடாது. பெத்தவங்களா இருந்தாலும் சரி, கூட வாழறவங்களா இருந்தாலும் சரி. தீர்மானம் போட்டாச்சு. முதல்ல அந்தப் பயலுக்குச் சொல்லணும். பொண்டாட்டி இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கா, அவன் அங்க ஜாலியா லிஃப்ட்ல ஏறி இறங்கிட்டு இருக்கான்."

"நான் பக்குவமா சொல்லிக்கறேனே அத்தை."

"பக்குவமெல்லாம் போதும்."

மாமியார் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். மூன்றாவது மணியில் மகன் எடுத்தான். பின்னால் சுத்தியல் சத்தமோ இயந்திரச் சத்தமோ இல்லை. எங்கோ ஒரு நாய் குரைத்தது.

"டேய், கவனமா கேளு. பதறாதே. உன் பொண்டாட்டி நல்லா இருக்கா, குழந்தையும் நல்லா இருக்கு. ஆனா அவளுக்கு வேலை போயிடுச்சு. சில வாரமாச்சு. நம்மகிட்ட சொல்லாம மறைச்சிருக்கா."

மறுமுனையில் பேச்சே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று மாமனார் போனருகே குனிந்தார். டீச்சர் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அவன் குரல் வந்தது.

"அவளுக்குமா?"